கதிரவன் கட்டணம் கேட்பதில்லை!

"இன்னும் நாலு பேனல் போட்டுவிடுங்கள் அண்ணே, கரண்ட் பில்லே வராது!"

திருப்பூரில் இன்று பனியன் கம்பெனி வாசல்களிலே, தேநீர்க் கடைப் பெஞ்சுகளிலே, சீட்டுக் கூட்டங்களிலே அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது. சொல்லுகிறவர் விற்பனைக்காரர், கேட்கிறவர் உழைப்பாளி. சொல்லுகிறவருக்குக் கமிஷன் உறுதி. கேட்கிறவருக்குக் கடன் உறுதி. பில் வராமல் போகுமா என்பது மட்டும்தான் உறுதியில்லை!

தோழர்களே! சூரிய மின்சாரத்துக்கு நாம் பகைவர்களல்ல. வேண்டும் என்கிறோம், ஏழையின் கூரையிலேதான் முதலில் வேண்டும் என்கிறோம். ஏற்கெனவே ஒரு கிலோவாட், இரண்டு கிலோவாட் போட்டிருக்கும் தோழர், குடும்பம் பெருகும்போது மேலும் சில பேனல்களைச் சேர்க்க நினைப்பது முற்றிலும் நியாயம் என்கிறோம். ஆனால் முதல் தடவை போடும்போது பத்துப் பேரைக் கேட்டுப் போட்ட அதே தோழர், இரண்டாம் தடவை, "தெரிந்த சங்கதிதானே" என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறாரே, அங்கேதான் வழுக்குகிறது. வழுக்கி விழுந்த ஒரு தோழரின் கதையை முதலில் சொல்லுகிறோம்.

சில நாட்களுக்கு முன் வேலம்பாளையம் பகுதியிலே அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அவர் கட்டிங் மாஸ்டர்; துணைவியார் செக்கிங் வேலைக்குப் போகிறவர். 2021-இல் சீட்டுப் பணத்தையும் நகைக் கடனையும் சேர்த்து மொட்டை மாடியிலே ஆறு பேனல் போட்டார். ஒவ்வொன்றும் 335 வாட். மொத்தம் 2 கிலோவாட். நன்றாகவே ஓடியது. பிறகு மகள் பிரசவத்துக்கு வந்தாள். குழந்தைக்காக ஏசி வந்தது. பெரிய ஃபிரிட்ஜ் வந்தது. பில்லும் பெரிதாக வந்தது. அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்தார். "540 வாட் பேனல் நான்கு. பழையதோடு அப்படியே கோத்துவிடுகிறேன். மின் வாரியத்துக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை" என்றார். கோத்தார், பணத்தை எண்ணி வாங்கினார், போனார். அடுத்த பில் வந்தது. கூட்டியது 2,160 வாட், குறைந்ததோ கொஞ்சம்! தோழர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஏன் இப்படி? கதிரவன் ஏமாற்றினானா? இல்லை. கோத்தவர் ஏமாற்றினார், அல்லது அவருக்கே தெரியவில்லை.

திருப்பூர்த் தோழர்களுக்கு இதை விளக்க விஞ்ஞானப் புத்தகம் வேண்டாம். தையல் லைனே போதும். ஒரு லைனிலே ஓவர்லாக் அடிப்பவர் மணிக்கு நூறு பீஸ் தள்ளுகிறார். அடுத்து பேட்லாக்கிலே எழுபதுதான் நகருகிறது. லைன் முடிவிலே எத்தனை பீஸ் வரும்? எழுபதுதானே! பேனல்களை ஒன்றன் பின் ஒன்றாகத் தொடரிலே கோத்தாலும் இதே கதைதான். பழைய 335 வாட் பேனலில் ஓடுவது ஏறத்தாழ 9 ஆம்பியர். புதிய 540 வாட் பேனலால் தர முடிந்தது ஏறத்தாழ 13 ஆம்பியர். இரண்டையும் ஒரே தொடரில் மாட்டினால், புதியதும் பழையதன் நடைக்கே நடக்க வேண்டும். 540 வாட்டுக்குப் பணம் கொடுத்தவர் ஏறத்தாழ 375 வாட்டைத்தான் வீட்டுக்குக் கொண்டு வருகிறார்.

அதோடு முடிந்ததா? மாடியிலிருந்து இறங்கி வரும் மின்சாரம் இன்வெர்ட்டர் என்கிற வாசலைக் கடந்துதான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். அந்த வாசல் 2 கிலோவாட் அகலந்தான். மாடியிலே மூன்றரை கிலோவாட் விளைந்தாலும் நடுப்பகலில் 2 கிலோவாட்டுக்கு மேல் உள்ளே விடாது. காலையிலும் மாலையிலும் வெயில் தாழ்ந்திருக்கும்போது சற்றுக் கூடும். உச்சி வெயிலில் விளைவதோ வாசலுக்கு வெளியே நின்று வீணாகும். களத்திலே நெல் குவிந்து கிடக்க, குதிருக்கு வாய் சிறியதாக இருந்தால் குற்றம் விளைச்சல் மீதா?

சரியான வழி என்ன? புதிய பேனல்களைத் தனித் தொடராகக் கட்ட வேண்டும். பழைய இன்வெர்ட்டரிலே இரண்டாவது நுழைவாயில் இருக்கிறதா, அதற்கு இன்னும் தாங்கும் திறன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் புதியவற்றுக்குத் தனி இன்வெர்ட்டர், அல்லது இரண்டையும் தாங்கும் பெரிய இன்வெர்ட்டர். செலவு கூடும்தான். கூடினாலும் கொடுத்த காசுக்கு மின்சாரம் வரும்.

அடுத்த கேள்வி இன்னும் முக்கியமானது. நான்கு பேனல் அவருக்குத் தேவைதானா?

பென்சிலை எடுங்கள். நம் நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். மின்கட்டணம் நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. ஆகவே 60 நாளைக்கு ஒரு கிலோவாட்டுக்கு 240 யூனிட். தோழர் வீட்டுச் செலவு இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். பழைய 2 கிலோவாட் 480 யூனிட் தருகிறது. வாரியத்திடம் வாங்குவது 420. ஒரு கிலோவாட் கூட்டினால் 420 என்பது 180 ஆகும். இதுவரை பலன் முழுப் பலன். இன்னொரு கிலோவாட் கூட்டினால்? மேலும் 240 யூனிட் விளையும். ஆனால் 2016 முதல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசமாயிற்றே! 180-க்கும் 100-க்கும் நடுவில் இருக்கிற 80 யூனிட்டுக்குத்தான் காசு மிச்சம். மீதி 160 யூனிட் கணக்கிலே நிற்கும், கையிலே நிற்காது. இலவசமாகக் கிடைப்பதைக் கடன் வாங்கி உற்பத்தி செய்வானா கணக்குத் தெரிந்த தொழிலாளி?

தமிழ்நாட்டுக் கட்டணம் படிக்கட்டுப் போன்றது. மேலே ஏற ஏற யூனிட் விலை ஏறும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பட்டியலின்படி, வீட்டு இணைப்பிலே 401 முதல் 500 வரை யூனிட்டுக்கு 6 ரூபாய் 45 காசு. 501 முதல் 600 வரை 8 ரூபாய் 55 காசு. 601 முதல் 800 வரை 9 ரூபாய் 65 காசு. 1,000 யூனிட்டைத் தாண்டினால் 11 ரூபாய் 80 காசு. கூட்டுகிற பேனல் முதலில் வெட்டுவது உச்சிப் படியை. அதனால்தான் முதலில் சேர்க்கும் பேனல் பொன், அடுத்தது வெள்ளி, அளவுக்கு மிஞ்சியது வெறும் தகரம்! பேனல் சேர்க்க நினைக்கும் தோழர் கடந்த ஓராண்டின் ஆறு பில்களையும் முன்னே பரப்பி வைத்துக்கொள்ளட்டும். சித்திரை, வைகாசியில் எத்தனை யூனிட், ஐப்பசி, கார்த்திகையில் எத்தனை யூனிட் என்று பார்க்கட்டும். பிறகு பேசட்டும் விற்பனைக்காரரிடம்.

மானியமும் இதே கணக்கைத்தான் சொல்லுகிறது. 2024 பிப்ரவரியிலே ஒரு கோடி வீடுகளுக்கு என்று ஒன்றிய அரசு கொண்டு வந்த 'பிரதமர் சூரிய வீடு' திட்டத்தில், முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். ஆக உச்ச அளவு 78,000 ரூபாய். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் மானியம் அவ்வளவுதான். 'முஃப்த் பிஜிலி யோஜனா' என்று பெயர் இந்தியில் இருக்கிறது. பணம் நம்முடைய வரியில் இருக்கிறது! ஆகவே கேட்டு வாங்குவதில் வெட்கமென்ன? ஏற்கெனவே இருக்கும் அமைப்போடு கூட்டிச் சேர்ப்பதற்கும் இந்த மானியம் உண்டு. பழையதும் புதியதும் சேர்ந்து 3 கிலோவாட் வரை என்பதே வரம்பு. ஒரு கிலோவாட் வைத்திருப்பவர் மூன்றாக்கினால் 48,000 ரூபாய். இரண்டு வைத்திருப்பவர் மூன்றாக்கினால் 18,000 ரூபாய். ஆனால் பதிவு பெற்ற நிறுவனம் போட வேண்டும். உள்நாட்டிலேயே செய்த மின்கலம் கொண்ட பேனலாக இருக்க வேண்டும். "வாரியத்துக்குச் சொல்ல வேண்டாம்" என்று சொல்லிக் கோத்துவிட்டுப் போனாரே ஒருவர், அவர் சொல்லாமல் சொன்னது என்ன? "உனக்கு வர வேண்டிய மானியம் வேண்டாம்" என்பதுதான்! பேனலுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. அந்தக் குறைப்பு பில்லிலே தெரிகிறதா என்றும் கேளுங்கள்.

வாரியத்துக்குச் சொல்லாமல் போட்டால் வேறு தொல்லையும் உண்டு. நமக்கு அனுமதித்த மின்பளு எவ்வளவோ அந்த அளவுக்குள்தான் பேனல் இருக்கலாம். 2 கிலோவாட் பளு வாங்கிய வீட்டிலே 4 கிலோவாட் பேனல் இருந்தால், மின்பளுவையும் சேர்த்து உயர்த்தியாக வேண்டும். "அலுவலகப் படியேறினால் அலைக்கழிப்பார்களே" என்று தோழர்கள் அஞ்சுவது நமக்குத் தெரியும். அந்த அச்சத்துக்கு மருந்து சட்டத்திலேயே இருக்கிறது. 2024-இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரை சாத்தியக்கூறு ஆய்வு என்று காத்திருக்க வைக்க இடமில்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும். தேவைப்படும் மின்பளு உயர்வையும் மின் நிறுவனமே செய்து தர வேண்டும். 5 கிலோவாட் வரை, தெருக் கம்பியையோ மின்மாற்றியையோ வலுப்படுத்த வேண்டி வந்தால் அந்தச் செலவு நிறுவனத்தினுடையது. அமைத்து முடித்ததாகத் தெரிவித்தால் 15 நாளில் இணைத்துக் கொடுக்க வேண்டும். இவை உரிமைகள்; சலுகைகளல்ல!

இன்னொரு மயக்கத்தையும் தெளிவாக்கி விடுகிறோம். "பேனலைக் கூட்டிவிட்டால் மின்வெட்டிலும் விசிறி சுற்றும்" என்று நம்பியிருக்கும் தோழர்கள் பலர். சுற்றாது! பேட்டரி இல்லாத, வாரியக் கம்பியோடு இணைந்த அமைப்பு, கரண்ட் போன மறுகணமே தானும் நின்றுவிடும். ஆறு பேனலானாலும் அறுபது பேனலானாலும் அப்படித்தான். ஏன் அப்படி அமைத்தார்கள்? மின்சாரம் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று நம்பி, கம்பத்தின் உச்சியிலே ஒரு வயர்மேன் ஏறி நிற்கிறான். அவனும் நம்மைப் போல ஒரு தொழிலாளி. வீட்டிலே மனைவி மக்கள் காத்திருக்கும் தொழிலாளி. நம் மாடியிலிருந்து கசிகிற மின்சாரம் அவன் உயிரைக் குடித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. அனுமதியும் ஆய்வும் இல்லாமல் கண்டபடி கோக்கிறவன் தன் பணத்தோடு மட்டும் விளையாடவில்லை. கம்பத்தில் நிற்கும் தோழனின் உயிரோடும் விளையாடுகிறான். இதைத் தொழிற்சங்கத் தோழர்கள் ஒவ்வொருவரும் உணர வேண்டும். மின்வெட்டிலும் வெளிச்சம் வேண்டுமென்றால் அதற்குப் பேட்டரியும் ஏற்ற இன்வெர்ட்டரும் வேண்டும். அதன் விலையைத் தனியே கேட்டு முடிவு செய்யுங்கள்.

மாடியையும் மறந்துவிடாதீர்கள். 540 வாட் பேனல் ஒன்று ஏழரை அடி நீளம். ஏறத்தாழ 28 கிலோ எடை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சீறி வரும் காற்று பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றார்கள், பேனல் பறக்காதா? பழைய இரும்புச் சட்டத்திலேயே ஒட்டுப் போட்டு மாட்டாமல், புதியதற்குத் தனிச் சட்டம், தனி நில இணைப்பு கேளுங்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழாத இடமாகப் பாருங்கள். பஞ்சுத் தூசு படிகிற ஊர் நம்முடையது. வெயில் ஏறுமுன் விடியற்காலையில் கழுவிவிடுங்கள்.

இவ்வளவும் ஏன் இத்தனை அழுத்தமாகச் சொல்லுகிறோம்? மின்சாரம் என்பது இந்த மண்ணிலே வெறும் வெளிச்சமல்ல. அது கூலி, அது சோறு.

1932-இல் நீலகிரியின் பைகாராவிலிருந்து மின்சாரம் இறங்கி வந்தது. வந்தது மின்சாரம், வளர்ந்தன கோவை ஆலைகள், ஆலைக்குள்ளே விளக்கு எரிந்தது, ஆலைத் தொழிலாளியின் குடிசையிலோ நெடுங்காலம் மண்ணெண்ணெய்ச் சிம்னிதான் புகைந்தது! 1970 ஜூன் 19 அன்று, திருப்பூருக்குப் பக்கத்திலே பெருமாநல்லூரில், மின்கட்டண உயர்வைக் குறைக்கச் சொல்லிப் போராடிய உழவர்கள் மூவர் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். உழவர்க்கு ஒரு யூனிட்டின் விலை என்ன பொருள்படும் என்பதற்கு அந்த ஊரின் நினைவுத்தூண் சாட்சி. 2012-இலே நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு; ஜெனரேட்டர் வாங்க வசதி படைத்த கம்பெனி ஓடியது; வசதியில்லாத பவர் டேபிள் முடங்கியது; பீஸ் ரேட் தொழிலாளி வெறுங்கையோடு வீடு திரும்பினான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 விழுக்காடு வரி போட்டபோது, ஆர்டர் போனது முதலாளிக்கு. ஷிப்ட் போனது நமக்கு! வாஷிங்டனில் போடுகிற வரியை வேலம்பாளையத்தில் தடுக்க முடியாது. ஆனால் வீட்டுச் செலவிலே இரண்டு மாதத்துக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு குறைக்க முடியுமானால், வேலையில்லாத வாரத்திலே அதுவே அரிசி!

சூரிய மின்கலம் ஏழைக்காகப் பிறந்த பொருளல்ல. 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்திலே சிலிக்கான் மின்கலத்தை உருவாக்கியபோது, ஒளியில் ஆறு விழுக்காட்டைத்தான் அது மின்சாரமாக்கியது. விலையோ அரசாங்கங்களுக்கே எட்டும் விலை. இன்று இருபது விழுக்காட்டுக்கு மேல் மாற்றுகிறது. தொழிலாளியின் மாடிக்கும் வந்துவிட்டது. தமிழ்நாட்டிலே 2011-இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்திலே ஏழை வீட்டுக்கும் சூரிய விளக்கு வந்தது. ஆனால் அதே தமிழ்நாட்டிலே, 2016-இல் கமுதியில் ஒரே இடத்தில் 648 மெகாவாட் சூரிய நிலையம் எழுப்பியது பெரிய முதலாளியின் நிறுவனம். பைகாரா மின்சாரம் முதலில் ஆலைக்குப் போனது போல, கதிரவனும் பெரிய கூரைகளுக்கே போய்விடுவானா என்பதுதான் நம் கேள்வி.

கூரையே இல்லாதவன் என்ன செய்வான்? திருப்பூரின் உழைப்பாளிகளில் எத்தனையோ பேர் லைன் வீட்டிலே வாடகைக்கு இருப்பவர்கள். பத்துக்குப் பத்து அறை. மேலே சிமெண்ட் ஷீட். அதிலே ஏறினால் உடையும், பேனல் வைக்க இடமேது? தேனியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம்மோடு உழைக்கும் தோழர்கள் அவர்கள். அவர்களுக்குக் கதிரவன் உண்டு, கூரை இல்லை! இதற்கும் வழி இல்லாமலில்லை. ஓரிடத்தில் பொதுவாகப் பேனல் அமைத்து, விளையும் யூனிட்டைப் பல வீட்டு மீட்டர்களுக்குப் பங்கிட்டுக் கழிக்கும் முறைக்கு டெல்லி மின் ஒழுங்குமுறை ஆணையம் 2019-லேயே வழிகாட்டு நெறிகளை வகுத்தது. பள்ளிக்கூடக் கூரை, சந்தைக் கூரை, சங்கக் கட்டடக் கூரை — இவை மேல் கூட்டாகப் பேனல் அமைத்து, வாடகை வீட்டுத் தொழிலாளியின் மீட்டரிலும் பங்கு எழுதப்படும் நாளைத் திருப்பூர் காண வேண்டும்.

பவர் டேபிள் நடத்தும் சிறு தொழில் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. தொழில் இணைப்பின் கணக்கு வீட்டுக் கணக்கல்ல. தன் கூரையிலே தானே விளைத்த மின்சாரத்துக்கும் நெட்வொர்க் கட்டணம் கட்டச் சொன்னார்கள். 2023-இல் சிறு தொழில் அமைப்புகள் ஒன்றுபட்டுக் குரல் கொடுத்த பிறகு, குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு அதிலே 50 விழுக்காடு குறைத்தார்கள். கேட்டார்கள், கிடைத்தது. கேட்காதவர்க்குக் கிடைத்ததாக வரலாறு இல்லை!

எனவே தோழர்களே! பேனல் சேர்க்க விரும்புகிறவர் சேர்க்கட்டும். ஆனால் ஆறு பில்லையும் பார்த்துச் சேர்க்கட்டும். இன்வெர்ட்டரின் தாங்கும் திறனைப் பார்த்துச் சேர்க்கட்டும். பழையதும் புதியதும் தனித்தனித் தொடராக இருக்கும் என்று எழுத்திலே வாங்கிச் சேர்க்கட்டும். பிரிவு அலுவலகத்திலே விண்ணப்பம் கொடுத்து, மானியத்தையும் மீட்டரையும் உரிமையோடு கேட்டுச் சேர்க்கட்டும். தனியே போகத் தயங்குகிறவர் கிளைச் சங்கத்திலே சொல்லுங்கள். இரண்டு தோழர்கள் உடன் வருவார்கள். படித்த இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, தெருவிலே உள்ள பில்களைக் கணக்கிட்டுச் சொல்லட்டும்; அதைவிடச் சிறந்த கட்சிப் பணி வேறென்ன!

வேலம்பாளையம் தோழருக்கு நாம் சொன்னதும் இதுதான். நான்கு பேனலில் இரண்டை இறக்கிவிட்டார். மீதி இரண்டைத் தனித் தொடராக்கி, தனி இன்வெர்ட்டர் பொருத்தி, முறைப்படி விண்ணப்பமும் கொடுத்திருக்கிறார். இழந்தது கொஞ்சம், கற்றது அதிகம். அவர் கொடுத்த விலையை நம் தோழர்கள் இன்னொரு தடவை கொடுக்க வேண்டாம்.

கதிரவன் கட்டணம் கேட்பதில்லை. கணக்கைத்தான் கேட்கிறான். அந்தக் கணக்கை உழைப்பாளியே போடட்டும்!